சிநேகிதிக்கு விசுவாசம் போதவில்லையா?

ஒரு வாசகியின் கேள்வி, 2024 பிப்ரவரி 17

என் சிநேகிதிக்கு ஐந்து வருடமாக உடம்பு சரியில்லை. கை கால் மூட்டெல்லாம் வீங்கி, சமையல்கூடச் செய்ய முடியவில்லை. எங்கள் ஜெபக்குழு வாராவாரம் அவளுக்காக ஜெபிக்கிறது. மூன்று முறை உபவாசம் எடுத்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு உள்ளுக்குள் விசுவாசம் இல்லை, அல்லது அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதுதான் தடை என்று குழுவில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவள் மனம் நோகாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பிப்ரவரி 18, ஞாயிறு

சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 18, இரவு

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இருக்கும் நோய்தான் அவருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஆச்சி இதைச் சரவாங்கி என்பாள். டாக்டர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும். எனக்கு 2011இல் வந்தது, அப்போது 34 வயது. பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு விரல் மடங்காது. பல் தேய்க்கப் பிரஷ் பிடிக்க முடியாது. சேலைக் கொசுவம் வைக்க முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கை என் கையாகும்.

2012இல் ஒரு கன்வென்ஷன், நோயாளிகளுக்காக ஜெபிக்கும் பெரிய கூட்டம். மைதானம் நிறைய ஜனம். என் உயிர்த்தோழிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நானும் அவளும் சின்ன வயதிலிருந்து ஒரே தெரு, ஒரே பாடகர் குழு. முன்னால் வரச் சொன்னார்கள், போனேன். கையை விரிக்கச் சொன்னார்கள், விரிந்தது. வலி இல்லை. மேடையில் ஏறி, சுகமானேன் என்று சாட்சி சொன்னேன். சாட்சி சொன்னவள் மாத்திரை போடலாமா? அன்றைக்கே நிறுத்தினேன். அப்படிச் செய் என்று மேடையிலேயே சொன்னார்கள்.

ஐந்து வாரம் நன்றாக இருந்தேன். ஆறாவது வாரம் வலது மணிக்கட்டு வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எல்லோரும் என்னைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்கு மாதம் மறைத்தேன். டாக்டரிடம் திரும்பப் போனபோது மணிக்கட்டு மூட்டு தேய்ந்துவிட்டது. தேய்ந்தது தேய்ந்ததுதான். இன்றைக்கும் அந்தக் கையால் கரும்பலகையில் எழுத முடியாது, வகுப்பில் பிள்ளைகள் எழுதித் தருகிறார்கள்.

வலி திரும்பியது தெரிந்ததும் என் தோழி எங்கள் வீட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து சொன்னாள்: “ஏட்டி, நீ முழுசா விசுவாசிக்கல.” அதற்கப்புறம் அவள் வரவில்லை.

நீங்கள் சொல்லப்போவதும் இதைத்தான். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் காதில் இப்படித்தான் விழும்.

பிப்ரவரி 19

வேதாகமத்தில் மாற்கு 2ஆம் அதிகாரத்தை இன்று மறுபடி வாசித்தேன். கப்பர்நகூம். திமிர்வாதக்காரனை, அதாவது கை கால் விளங்காதவனை, நாலு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம். வீட்டின் ஓட்டைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அடுத்து என்ன எழுதியிருக்கிறது? இயேசு “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” பேசினார் என்று. படுத்துக் கிடந்தவனிடம் உனக்கு விசுவாசம் உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. சுகமாகும்வரை அவன் வாயைத் திறந்து பேசியதாகவும் இல்லை.

பன்னிரண்டு வருடம் முன்னால் இந்த வசனத்தை யாராவது எனக்குக் காட்டியிருந்தால் எவ்வளவோ ராத்திரி தூங்கியிருப்பேன். “எனக்கு விசுவாசம் இருக்கிறதா, இருக்கிறதா” என்று நெஞ்சைத் தோண்டிக்கொண்டே கிடந்தேன். வலியில் கிடப்பவளால் அதைத் தோண்டி எடுத்துக் காட்ட முடியாது. அந்த வேலையை அன்றைக்கு நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 21

திருத்தம். ஓடு என்று எழுதிவிட்டேன். ஓடு லூக்காவில்தான் வருகிறது. மாற்குவில் மேற்கூரையைப் பிரித்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் கிளை பரப்பி மண் பூசிய கூரைதான் வழக்கம். அப்படியென்றால் மண் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் எல்லாம் விழுந்திருக்கும்! மத்தேயுவில் கூரைப் பேச்சே இல்லை. ஆனால் “அவர்கள் விசுவாசம்” மூன்றிலும் இருக்கிறது.

அந்த வீட்டுக்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மறுநாள் கூரையை யார் பூசிக் கொடுத்தார்களோ.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஒருவர் கேட்டிருக்கிறார்: மேடையில் வலி போனது பொய்யா? நடித்தீர்களா?

நடிக்கவில்லை. வலி நிஜமாகவே இல்லை. பின்னால் டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் சாப்பிட்டுவந்தது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை அது. போட்டவுடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகும். நிறுத்தினாலும் உடனே தெரியாது, சில வாரம் தாங்கும். கன்வென்ஷன் வந்தபோது நான் மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அது நன்றாக வேலை செய்ய ஆரம்பித்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டேன். தவிர, இந்த நோயே ஏறி இறங்கும் நோய், சில நாள் தானாகவே அடங்கும்.

“மாத்திரை போட்டதற்காகக் கடவுள் உங்கள்மேல் கோபப்படவில்லை டீச்சர், போடுங்கள்” என்றார் டாக்டர். அவர் என்ன மதமென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் சிநேகிதி மாத்திரை சாப்பிடுகிறாரா? அதை எழுதவில்லையே.

மார்ச் 2

யாக்கோபு 5ஐ எடுத்துப் போட்டு ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். “விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்” என்று இருக்கிறதே, அப்புறம் விசுவாசம் வேண்டாமா என்கிறார்.

வேண்டும். ஆனால் யாருடைய ஜெபம் அது? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். அங்கே வியாதிக்காரனுக்கு உள்ள வேலை ஆள் அனுப்புவது ஒன்றுதான். ஜெபமும் விசுவாசமும் வந்தவர்களுடையது. அடுத்த வசனத்தில் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறார். ஒருவருக்கொருவர். வியாதிக்காரியை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று கேட்பது அதில் இல்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயர் 2013இல் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். முதலில் தம்முடைய ஒரு தவறைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். என்ன தவறு என்று இங்கே எழுத மாட்டேன். நான் அழுதுவிட்டேன். கை அப்படியேதான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ராத்திரி நெஞ்சைத் தோண்டுவது நின்றது.

மார்ச் 3, ஞாயிறு

நேற்றைய பதிலுக்கு எதிர்ப்பு நிறைய வந்திருக்கிறது. முக்கியமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று இயேசுவே சொன்னாரே என்கிறீர்கள். சொன்னார். பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்குள்ள ஸ்திரீயிடம் சொன்னார், குருடனான பர்திமேயுவிடம் சொன்னார். மறுக்கவில்லை. ஆனால் அதைச் சுகமானவர்களிடம் சொன்னார், அவர்கள் தலை நிமிரும்படி சொன்னார். அதைத் திருப்பிப் போட்டு, சுகமாகாதவளிடம் “உன் அவிசுவாசம்தான் காரணம்” என்று சொன்ன இடம் ஒன்று காட்டுங்கள். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

மத்தேயு 17ஐப் பாருங்கள். சந்திரரோகியான, அதாவது வலிப்பு வரும் பையனைத் தகப்பன் சீஷர்களிடம் கொண்டுவருகிறான். அவர்களால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தனியாக வந்து கேட்கிறார்கள். “உங்கள் அவிசுவாசத்தினாலேதான்” என்கிறார். சுகமாகாதபோது கண்டிப்பு ஜெபித்தவர்கள் மேல் விழுந்தது. பையன் மேல் விழவில்லை. மாற்குவில் அந்தத் தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று கண்ணீரோடு கத்துகிறான். அந்த அரைகுறை விசுவாசம் போதுமானதாக இருந்தது.

இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தைப் பற்றி ஒருவர் சரியாகவே கேட்டார். ஊர் ஜனங்களின் அவிசுவாசத்தால் அங்கே பெரிய அற்புதம் செய்யக் கூடாமற்போயிற்று என்று மாற்கு 6இல் இருக்கிறது. இதை நான் யோசிக்காமல் விட்டது உண்மை. அங்கேயும் சில நோயாளிகள்மேல் கை வைத்துச் சுகமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. அவரைத் தள்ளியது ஊர், நோயாளிகள் அல்லவே. இருந்தாலும் இது எனக்கு முழுதாகப் பிடிபட்ட வசனம் என்று சொல்ல மாட்டேன்.

சுகம் கொடுக்கிறவர் என்று நம்புகிறீர்களா இல்லையா என்று கடைசியில் ஒருவர் கேட்டிருக்கிறார். நம்புகிறேன். இன்று காலைகூடக் கோயிலில் இந்த மணிக்கட்டுக்காகக் கேட்டேன். பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். நாளைக்கும் கேட்பேன்.

மார்ச் 3, பிற்பாடு

அப்போஸ்தலன் பவுல் கூட இருந்தவர்களை ஒரு வரிசை எண்ணிப் பார்த்தேன். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கோளாறு, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொல்கிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். பவுலுக்கே மாம்சத்தில் முள், மூன்று தரம் வேண்டியும் எடுக்கப்படவில்லை. லூக்கா வைத்தியர் வேறு கூடவே இருக்கிறார். இத்தனை பேரில் ஒருவரிடமாவது உன் விசுவாசத்தைச் சரிபார் என்று பவுல் எழுதியதாக இல்லை. எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றுதான் எழுதுகிறார்.

மார்ச் 9

எதிர்வீட்டு அக்காவைப் பற்றி எழுத வேண்டும். இந்த இழையை எழுதும்போதெல்லாம் அவர் முகம்தான் வருகிறது.

தோழி வருவதை நிறுத்திய அதே மாதம். காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்தேன். தலை பரட்டையாகக் கிடந்தது. விரல் மடங்கவில்லை, பின்ன முடியவில்லை. அப்போதெல்லாம் எனக்கு நீளமான முடி. வெட்டிவிடலாம் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். அக்கா கோலப்பொடி டப்பாவோடு நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “உட்காருங்க டீச்சர்” என்றார். பின்னிவிட்டார். மறுநாளும் வந்தார். பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் ஆறேகால் மணிக்கு வந்துவிடுவார். சேலைக் கொசுவமும் அவர்தான் வைத்துவிடுவார். ஏழு வருடம்.

அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார்கள். அம்மன் கோயில் தசராவுக்கு அவர் போவார், நான் எங்கள் சர்ச் அசன விருந்துக்குச் சோறு வாங்க வரிசையில் நிற்பேன், சட்டியில் கொண்டுவந்து அவருக்கும் கொடுப்பேன். அவர் எனக்காக ஜெபம் செய்ததில்லை. வேண்டிக்கொண்டாரா என்று தெரியாது. வேண்டியிருப்பார்.

அவர் பின்னிவிட்ட ஏழு வருடத்தில் என் முடியை நான் வெட்டவில்லை. சின்ன விஷயம் என்று தோன்றும். அந்தச் சமயத்தில் என்னிடம் முழுசாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 10, ஞாயிறு

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. “அவிசுவாசியான ஒருவரைக் கிறிஸ்தவ சிநேகத்துக்கு உதாரணமாகக் காட்டலாமா?”

அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் யார், யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தான்தானே? ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன வழியில் நின்றவன் யார்? அந்தக் கதையைச் சொன்னவர் யார்? இதற்கு மேல் அக்காவைப் பற்றி இங்கே வாதம் வேண்டாம்.

மார்ச் 10, இரவு

ஆனால் அந்தக் கேள்வியால் மாற்கு 2ஐ மறுபடி திறந்தேன். நான் இத்தனை நாளும் “நாலு நண்பர்கள்” என்று மனசுக்குள் படித்துவந்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், பிள்ளைகளுக்கு நானும் அப்படியே சொல்லித் தந்திருக்கிறேன். வேதத்தில் நண்பர்கள் என்று இல்லவே இல்லை. நாலு பேர். அண்ணன் தம்பியாக இருக்கலாம். எதிர்வீட்டுக்காரர்களாக இருக்கலாம். அவர்கள் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன ஜெபித்தார்கள் என்று இல்லை. தூக்கினார்கள், ஏறினார்கள், பிரித்தார்கள், இறக்கினார்கள். இயேசு அதைப் பார்த்து விசுவாசம் என்று பெயர் வைத்தார்.

இன்னொன்றும் ஒருவர் சுட்டிக்காட்டினார், ஒப்புக்கொள்கிறேன். “அவர்கள்” என்பதில் படுத்திருந்தவனும் சேர்த்திதானே? இருக்கலாம். அப்படியானால் ஐந்து பேர் விசுவாசத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார், யாருடையது எவ்வளவு என்று பிரித்து நிறுக்கவில்லை. பிப்ரவரி 19இல் நான் எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருடம் கிடந்தவனையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். அவன் சொன்ன குறை என்ன? கலங்கும் தண்ணீரில் முதலில் இறங்குபவனுக்குச் சுகம் என்று நம்பிய இடம் அது, தண்ணீர் கலங்கும்போது என்னைக் கொண்டுபோய் விட ஒருவனும் இல்லை என்பது. கால் நடக்கவில்லை என்று முறையிடவில்லை அவன்.

மார்ச் 13

வேலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியதைப் பார்த்ததும் டாக்டர் மேரி வர்கீஸ் நினைவுக்கு வந்தார். கொச்சிப் பக்கத்துப் பெண். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) இளம் டாக்டராக இருந்தபோது, 1954இல் கார் விபத்து. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவருக்காக ஜெபிக்காதவர் வேலூரில் இருந்திருக்க மாட்டார். கால் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே அறுவைசிகிச்சை செய்யலாம் என்று வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் அறுவைசிகிச்சை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கைகளை விரித்துக் கொடுத்தார் மேரி வர்கீஸ். பின்னால் நியூயார்க் போய்ப் படித்துவிட்டு வந்து, 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறையே தொடங்கினார். 1972இல் பத்மஸ்ரீ.

எனக்குப் பிடித்த இடம் பிராண்ட் செய்தது. கூட வேலை செய்தவர்தானே அவர். ஜெபித்து முடித்துவிட்டு, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று தேடினார். மடங்கிய விரலோடு வந்தவர்கள், தங்களுக்கு அறுவைசிகிச்சை செய்யப்போகிறவர் நடக்க முடியாதவர் என்று பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன். என் வகுப்பில் போலியோ வந்த பையன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் எனக்காக முதலில் எழுத வந்தவன் அவன்தான்.

மார்ச் 16

கத்தோலிக்க நண்பர் ஒருவர் சீராக் ஆகமம் வாசித்தீர்களா என்றார். எங்கள் வேதாகமத்தில் அது இல்லை. ஸ்டாஃப் ரூமில் உள்ள சகோதரியிடம் கத்தோலிக்கரின் திருவிவிலியம் வாங்கி வாசித்தேன். 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதி, மருந்தை ஆண்டவர் மண்ணிலிருந்து உண்டாக்கினார், ஜெபமும் பண்ணு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று இருக்கிறது. 6ஆம் அதிகாரத்தில் உண்மையான நண்பனே உயிர் காக்கும் மருந்து என்று வருகிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு மருந்து. 2012இல் எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன.

மார்ச் 17, ஞாயிறு

எல்லாம் இழந்து நோயிலும் விழுந்த யோபுவின் சிநேகிதர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஏழு நாள் ராப்பகல் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்தபின்தான் கெட்டது. கடைசியில் தேவன் அவர்களில் ஒருவனான எலிப்பாசிடம் கோபப்படுகிறார். யோபு தன் சிநேகிதருக்காக ஜெபித்தபோதுதான் அவன் சிறையிருப்பு, அதாவது அவன் துன்பநிலை, மாறியது என்று 42ஆம் அதிகாரம் சொல்கிறது.

அந்த வசனத்தில் நின்றுவிட்டேன். ஏனென்றால் நான் ஜெபிக்கவில்லை.

இதுவரை எழுதாததை எழுதுகிறேன். 2019இல் என் தோழிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய். கோயில் வாசலில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவள் வீடு பத்து நிமிட நடை. நான் போகவில்லை. மூன்று மாதம் போகவில்லை. சொன்ன வாய்க்குத்தானே வந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பை நான் விரட்டவும் இல்லை, வைத்துக்கொண்டிருந்தேன். மேலே இத்தனை வசனம் எடுத்துப் போட்டவள் நான்தான்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பின்னிக்கொண்டே கேட்டார், “போய்ப் பாத்தீங்களா டீச்சர்?” இல்லை என்றேன். அவர் பின்னுவதை நிறுத்தவில்லை, பேசவும் இல்லை. ஜடையை முடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டு, “இன்னைக்குப் போங்க” என்றார்.

போனேன். அவளுக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தலையில் போட்டாள். நான் எதுவும் பேசவில்லை. கீமோ ஏற்றும் நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. முடி முளைக்கத் தொடங்கியபோது தலை அரிக்கிறது என்றாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். என் விரல் விரியாதே, உள்ளங்கையால்தான் தடவினேன். 2012இல் அவள் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. இன்றுவரை.

மார்ச் 18

நேற்று எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 30

தோழி இந்த இழையை வாசித்துவிட்டாள். அவள் மகள் போனில் காட்டியிருக்கிறாள். பெரிய வியாழன் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள். நெஞ்சு படபடத்தது.

“நீ எழுதினதுல ரெண்டு தப்பு இருக்கு” என்றாள்.

ஒன்று, அது அடுக்களைப் படி இல்லையாம். பஸ் ஸ்டாப்பாம். மழை பெய்ததாம், ஒரே குடையில் நின்றோமாம். பன்னிரண்டு வருடமாக அடுக்களைப் படியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலித்தது, அந்தப் படியில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது. அவள் சொன்னபிறகு எனக்கும் குடை ஞாபகம் வருகிறது.

இரண்டாவதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், அனுமதி வாங்கிவிட்டேன். “நீ விசுவாசிக்கலன்னு நெனச்சு வராம இருக்கலட்டி. ஒன்னை மேடையில ஏத்தினது நான். மாத்திரையை எடுத்து வெளிய போட்டது நான். அப்புறம் ஒன் கையைப் பாத்தா எனக்குப் பயமா இருந்துச்சு. நான் பண்ணின ஜெபத்தை ஏன் கேக்கலன்னு அவர்கிட்ட கேக்கத் தைரியம் இல்ல. ஒன் மேல போட்டுட்டா நான் தப்பிச்சுக்கலாம்னு இருந்துச்சு.”

மாத்திரையை அவள் எடுத்துப் போட்டது எனக்கு நினைவே இல்லை. நானேதான் நிறுத்தினேன் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன், பாருங்கள். யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது.

மார்ச் 30, இரவு

கேள்வி கேட்ட சகோதரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தோழி சொன்னதைக் கேட்டதிலிருந்து உங்கள் கேள்வியை நான்கைந்து முறை வாசித்துவிட்டேன். மூன்று உபவாசம் எடுத்திருக்கிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறதா? இருந்தால் அதை உங்கள் சிநேகிதியிடமே சொல்லிவிடுங்கள். ஜெபித்தேன், நடக்கவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று. 2012இல் அந்த மழையில் என் தோழி இதைச் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்று அழுதிருப்போம். ஏழு வருடம் மிச்சமாகியிருக்கும்.

தாவீது காட்டில் ஒளிந்திருந்தபோது அவன் நண்பன் யோனத்தான் தேடிப் போய் அவன் கையைத் திடப்படுத்தினான் என்று 1 சாமுவேல் 23இல் இருக்கிறது. கையை. எனக்கு அந்த வார்த்தை வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே எழுந்தேன், விரல் மடங்க நேரம் வேண்டுமே. கதவைத் தட்டும் சத்தம். தோழி நின்றாள், சீப்போடு. அக்கா 2020இல் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனபிறகு நான் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டேன், பின்ன ஒன்றும் இல்லை. இருந்தாலும் உட்காரச் சொல்லி வாரிவிட்டாள். அக்காவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். அந்த நேரத்தில் எழுப்பிவிட்டோமே என்று எனக்குத்தான் சங்கடம். அவர் சிரித்துக்கொண்டே, வகிடு கோணல் என்றார்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். போனாராம். ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லையாம். சிநேகிதி துணி துவைத்துப் பிழிய முடியாமல் வாளியிலேயே போட்டு வைத்திருந்தாராம், பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தாராம். பயத்தைச் சொன்னாராம். அப்போதுதான் சிநேகிதி வாயைத் திறந்து, குழுவில் சொன்னபடி ஜனவரியிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டேன், வலி கூடிவிட்டது, சொல்ல வெட்கமாக இருந்தது என்றாராம்.

சகோதரி, இதற்கு மேல் இங்கே வாதம் பண்ண நேரமில்லை. திங்கட்கிழமையே மூட்டுநோய் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நிறுத்திய மாத்திரையை அவராகத் திரும்பத் தொடங்க வேண்டாம், ரத்தம் பார்த்துவிட்டு எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் நிறுத்தினார் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், நான் அதை மறைத்ததால் டாக்டருக்கு இரண்டு வாரம் வீணானது. வெளியே காத்திருக்காமல் நீங்களும் கூடவே உள்ளே போங்கள்.

டோக்கன் பத்து மணிக்கு மேல் வாங்குங்கள். அதற்குமுன் அவரால் சேலை கட்ட முடியாது. கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விடுங்கள், கொசுவம் நீங்கள் வைத்துவிடலாம்.